ஆளுக்கு மூன்று

சட்டம் எண்ணித்தான் கொடுத்தது.
வயது வந்த ஆளுக்கு மூன்று செடி,
அவரவர் வசிக்கும் வீட்டில்,
அவரவர் புகைக்க மட்டும்.
நானும் ஃபோல்க்மாரும் இரண்டு ஆள்.
பால்கனிக்குக் கீழே ஓடுவதும் ஆறு,
பால்கனியில் நிற்பதும் ஆறு.

வுப்பர்டாலில் ரயில்
ஆற்றின்மேல் வௌவால்போலத் தொங்கிக்கொண்டு போகும்.
ஏழு பத்து வண்டியில் வேலைக்குப் போகிறவர்கள்
எங்கள் தக்காளியைப் பார்ப்பார்கள்.
தக்காளி முன்வரிசை, மற்றவை பின்வரிசை.
சட்டம் அப்படிச் சொல்லவில்லை,
அது ஃபோல்க்மாரின் கூச்சம்.
சட்டம் கேட்டது பூட்டு:
பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது, பிறர் கைக்கும்.
கதவுக்கு ஒன்று, தகரப்பெட்டிக்கு ஒன்று.
அக்கா மகள் ஃபெம்கே வரும் ஞாயிறுகளில்
இரண்டு சாவியும் என் கழுத்தில் தொங்கும்.
"அசிங்கமான நகை" என்றாள் ஒருமுறை.

என் பிழைப்பு தராசு.
கசாப்புக் கடை, நகைக்கடை, சந்தை,
முள் எங்கே பொய் சொல்கிறதோ
அங்கே அரசாங்கப் படிக்கற்களோடு போய் நிற்பேன்.
வீட்டிலும் விடவில்லை:
ஆளுக்கு ஐம்பது கிராம், காய்ந்த பிறகு.
செடிக்கு இதை யார் எடுத்துச் சொல்வது?
வெயில் கொட்டிய வருடம்
ஒற்றைச் செடி எழுபது கிராம் பூத்துத் தள்ளியது.
மிஞ்சியதை விற்கக் கூடாது, சரி.
சும்மா கொடுக்கவும் கூடாது.
முதுகுவலியோடு மாடியேறும் எங்கல்பெர்ட்டுக்கு
ஒரு சிட்டிகை,
உப்பு கடன் கொடுப்பதுபோல?
கூடாது.
கஞ்சா வளர்க்கக்
கஞ்சத்தனம் வேண்டும் என்று அன்று புரிந்தது.
மிச்சத்தை நறுக்கி மண்ணோடு பிசைந்தோம்.
அந்தத் தக்காளிகள்
காரணமில்லாமல் சிரித்தன என்பான் ஃபோல்க்மார்.

ஜூலையில், செடிகள் இடுப்புயரம் வந்தபோது,
அவன் லூபெக்குக்குப் போனான்.
சண்டையில்லை. அதுதான் கஷ்டம்.
இரண்டு பெட்டி, சைக்கிள், காபி அரைக்கும் மெஷின்.
அழைப்புமணியில் இரண்டு பெயரும் இருந்தன,
தபால்பெட்டியிலும்.
பெயர் இருக்கும்வரை ஆளும் இருப்பதாக
ஒரு மாதம் ஆறுக்கும் தண்ணீர் ஊற்றினேன்.
பிறகு ஓர் இரவு தூக்கம் வராமல்
சட்டத்தை முதல்வரியிலிருந்து படித்தேன்.
வசிக்கிற ஆளுக்குத்தான் கணக்கு.
பெயருக்கு இல்லை.

அவன் போய்விட்டான் என்பதை
அவன் அம்மா நம்பவில்லை,
நான் நம்பவில்லை,
சட்டம் நம்பிவிட்டது.

மூன்று அதிகம்.
எந்த மூன்று?
உனது எனது என்று கோடு போட்டதில்லை.
இடதோரம் நெட்டையாய் ஒன்று,
பேன் பிடித்துப் பிழைத்த ஒன்று,
காற்றில் முறிந்ததை
அவன் ஷூ நாடாவால் கட்டிவைத்த ஒன்று.
போன் செய்தேன்.
"உன்னுடையது எது?"
கடலோசையா, பேருந்தா, ஏதோ இரைந்தது.
"எல்லாம் நீயே வைத்துக்கொள்."

பாவம், அவனுக்குத் தெரியாது,
கொடுக்கவும் கூடாது.

பொய்த் தராசு எப்படிச் செய்வார்கள் என்று
இருபத்திரண்டு வருடமாய் எனக்குத் தெரியும்.
பெரிய வித்தையில்லை,
ஒரு தட்டின்மேல் யாரும் பார்க்காமல்
கட்டைவிரல் வைத்தால் போதும்.
நன்றாய் நின்ற மூன்றை வெட்டினேன்.
ஷூ நாடா கட்டியதை விட்டுவிட்டேன்.

கத்தரிக்கோல் பிசுபிசுத்தது.
மணம் படிக்கட்டுவரை போயிருக்க வேண்டும்,
எங்கல்பெர்ட் கதவைத் திறந்து மூடும் சத்தம்.
தொட்டி இருந்த இடத்தில்
தரையோட்டில் மூன்று ஈர வட்டங்கள்,
காயாமல் பத்து நாள் கிடந்தன.
மணிப்பலகையில் அவன் பெயரைச் சுரண்டினேன்.
எழுத்து போயிற்று, பசை போகவில்லை.

ஏழு பத்து வண்டி தொங்கிக்கொண்டே வந்தது.
ஜன்னலோரம் யாரோ தக்காளியைப் பார்த்தார்கள்.
இப்போது
கீழே மட்டும்தான் ஆறு.